பேர் சொல்லாதவனுக்கு ஓர் இலை

சிறுமலை வளைவுகளில் இறங்கிக்கொண்டிருந்தேன். பனி இன்னும் விலகவில்லை. தோளில் ஒரு துணிப்பை. அதில் ஒரு மாற்று வேட்டி, ஒரு கம்பளித் துண்டு, கங்காணியின் மனைவி கொடுத்த சில மலைவாழைப் பழங்கள். மேலே தோட்டத்தில் யாரோ விறகு வெட்டும் சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மிளகுத் தோட்டத்தில் எனக்குக் குறை ஒன்றும் இருக்கவில்லை என்று போன வாரம் இந்தத் தொடரில் எழுதியிருந்தேன். பிறகு ஏன் கிளம்பினாய் என்று கங்காணியும் கேட்டார். எந்தப் பாதை எங்கே போகும் என்பது இருட்டிலும் காலுக்குத் தெரிந்துவிட்டால், அந்த இடத்தில் எனக்கு இருப்புக் கொள்ளாது. இதை அவரிடம் எப்படிச் சொல்வது? "ஊருக்குப் போறேன்" என்றேன். எந்த ஊர் என்று அவர் கேட்கவில்லை. நல்ல மனிதர்.

நயா பைசா வந்து ஓரிரண்டு வருஷம் ஆகியிருக்கும். மலைப்பாதையில் பஸ் அபூர்வம். வந்த ஒன்றும் வாழைத்தாரும் ஆளுமாக வழிந்துகொண்டு போனது. ஜன்னலில் தொங்கிய ஒருவன் மட்டும் எனக்குக் கை காட்டினான். நடந்தேன். பாதி வழியில் செருப்பின் வார் அறுந்தது. வாழை நாரால் கட்டிக்கொண்டேன். அடிவாரத்தில் பழங்களைத் தின்று தீர்த்தேன். அதற்கு மேல் திண்டுக்கல் வரை வெயிலும் புழுதியும்தான்.

கடைத்தெரு

ஊருக்குள் நுழைந்தபோதுதான் அன்று கிறிஸ்துமஸ் என்று தெரிந்தது. மலை மேல் இருந்தவனுக்கு நாள் கிழமை ஏது?

கடைத்தெருவில் முந்தின நாள் கூட்டத்தின் மிச்சம் கிடந்தது. நசுங்கிய அட்டைப் பெட்டிகள், சட்டைக்குள் வைக்கிற காகிதம், அறுந்த சணல் கயிறு. ஒரு ஜவுளிக் கடைக்காரர் ஒலிபெருக்கியில் பொங்கலுக்குச் சரக்கு வந்திறங்கிவிட்டதாக அறிவித்துக்கொண்டிருந்தார். ஒரு பண்டிகை முடியவில்லை, அதற்குள் அடுத்ததற்கு ஆள் கூப்பிடுகிறார்கள்.

எனக்கு அந்தக் குரல் பழக்கம். மதுரையில் ஒரு தீபாவளிக்கு ஜவுளிக் கடையில் சேலை மடிக்கும் வேலை பார்த்திருக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற படிப்புக்கு அது கௌரவமான வேலைதான். வருகிறவர்கள் பிரித்துப் போடுவதை நாள் முழுக்க மடிக்க வேண்டும். கண்ணில் பட்டதையெல்லாம் பிரிக்கச் சொல்வார்கள். எடுத்துக்கொண்டு போகும்போதும் கண் அலமாரியில்தான் இருக்கும். கையில் இருப்பதை யாரும் பார்த்து நான் பார்த்ததில்லை.

புதுத்துணி எனக்குப் பிடிக்காது என்று நினைத்துவிட வேண்டாம். கஞ்சி வாசனை போகாத வேட்டியை முகத்தில் வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறேன். ஆனால் அந்தக் கடையில் வேலை பார்த்த பிறகு, கடைத்தெருவில் கூட்டத்தைக் கண்டால் எனக்குத் தோள்பட்டை வலிக்கும். அன்றைக்கும் வலித்தது. சந்தில் திரும்பினேன்.

நான் செய்த தப்பு

அது தோல் பதனிடும் இடத்தில் வேலை செய்கிறவர்கள் குடியிருந்த தெரு. வீட்டுக்கு வீடு காகித நட்சத்திரம். தோல் வாடை எப்போதும் உண்டு. அன்று அதையும் மீறிக்கொண்டு கறிக்குழம்பு வாசனை வந்தது. என் கால் தானாக மெதுவாகிவிட்டது.

தெருமுனையில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். சலவை வேட்டி, முரட்டுக் கை, கோபமான முகம். போகிற வருகிறவர்களை, ஆடு வாங்க வந்தவரைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏலே அப்பு, செத்த நில்லு. சாப்டியா?"

"இல்லண்ணே."

"வா, சாப்பிடலாம்."

யாராவது கூப்பிட்டால் நான் காரணம் கேட்கிற வழக்கமில்லை. அவர் பின்னால் போனேன். நீல நட்சத்திரம் தொங்கிய வீட்டு வாசலில் மூன்று இலைகள் போட்டிருந்தன. இரண்டில் ஆள் உட்கார்ந்தாகிவிட்டது. ஒரு பெண்பிள்ளை, அவளுடைய சின்ன மகள். பழனி பஸ்ஸுக்கு நின்றவர்களைப் பிடித்து வந்திருக்கிறார்கள். அந்தப் பெண் கூச்சத்தில் முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, நாங்க பஸ்ஸுக்குத்தானுங்க நின்னோம். ஒட்டன்சத்திரம் போகோணும்."

"பஸ் எங்கிட்டும் ஓடிறாது தாயி, இருங்க" என்றபடி வீட்டுக்காரம்மாள் செம்பில் தண்ணீரோடு வந்தார். மெலிந்த உருவம். காதில் பாம்படம் போட்டிருந்த துளை மட்டும் இருந்தது, பாம்படம் இல்லை. என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "வாங்க தம்பி, காலை நீட்டுங்க."

ஒரு வீட்டுக்குள் நுழையும்போது நம்மை யார் என்று சொல்லிக்கொள்வது மரியாதை என்று எனக்கு யாரோ சின்ன வயதில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அந்த மரியாதையைக் காட்டினேன்.

"எம் பேரு கருப்பையா. தேனிப் பக்கம்."

செம்பு அப்படியே நின்றது.

"போச்சுடா!" என்று தலையில் கை வைத்தார் வீட்டுக்காரர். "கேக்காமயே சொல்லிட்டானே! மதலம்மா, நல்லாப் பாத்துக்க, நான் கேக்கல. அவனாத்தான் சொன்னான்."

மூன்று இலைகளின் சட்டம்

வீட்டுக்காரர் பெயர் அருளப்பன். அந்த அம்மாள் மதலம்மா. அவர்கள் வீட்டு வழக்கம் இது. கிறிஸ்துமஸ் அன்று மதியம் ஓர் ஆண், ஒரு பெண், ஒரு குழந்தை, மூன்று பேரும் முன்பின் தெரியாதவர்கள், முதலில் சாப்பிட வேண்டும். சூசையப்பர் இலை, மாதா இலை, பாலன் இலை என்று பெயர். காலைக் கழுவி, புதுத்துணி கொடுத்து, உட்கார வைப்பார்கள். அதன் பிறகு தெருவில் போகிற யாரும் சாப்பிடலாம். கடைசியில்தான் வீட்டுக்காரர்கள். மூவரும் கை கழுவுகிற வரைக்கும் அவர்களிடம் பெயர், ஊர் கேட்கக் கூடாது. சொன்னாலும் கேட்கக் கூடாது.

"ஏம்மா அப்படி?" என்று கேட்டேன்.

"பெத்லேகம்ல வீடு வீடாக் கதவைத் தட்டினாக இல்ல? அப்ப எல்லாரும் பேரு ஊரைத்தான கேட்டிருப்பாக? கேட்டுக்கிட்டுத்தான் கதவைச் சாத்தியிருப்பாக" என்றார் மதலம்மா.

வேதத்தில் அப்படி இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. ஆனால் பெயரைக் கேட்டு, ஊரைக் கேட்டு, அடுத்து எந்தத் தெரு என்று கேட்டு, பிறகு தண்ணீரைக் கையில் ஊற்றுவதா செம்பில் கொடுப்பதா என்று முடிவு செய்கிற வாசல்களில் நான் நிறைய நின்றிருக்கிறேன். எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"அப்ப நான் போயிரவா?"

"எங்க போறது? பேர் சொன்னவன் வீட்டு ஆளு. எங்களோட கடைசியாச் சாப்பிடு" என்றார் அருளப்பன். "அது வரைக்கும் கொல்லைப்பக்கம் போய் வெங்காயம் உரி. சூசையப்பருக்கு வேற ஆளு தேடணும்."

கடாவும் கடிகாரமும்

கொல்லையில் அவர்கள் மகள் ரோசாலி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ஆவணியில் கல்யாணம் ஆனவள். தலையில் முந்தின நாள் வைத்த பூ வாடியிருந்தது. நான் எதிரில் உட்கார்ந்து ஒரு கை வெங்காயத்தை எடுத்துக்கொண்டேன். அவள் முறத்தை என் பக்கம் நகர்த்தினாள்.

பெயர் தெரிந்த ஆளாகிவிட்டதால் என் எதிரில் யாரும் எதையும் மறைக்கவில்லை. அருளப்பன் அடுப்படிக்கு வந்து நின்றுகொண்டு சத்தம் போட்டார்.

"நான் தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். இந்த ஒரு வருசம் இந்த மூணு இலையை விடு. கடாவைச் சந்தையில வித்து, கைக்காசும் சேத்து, மாப்பிள்ளைக்கு ஒரு கைக்கடியாரம் வாங்கிருவோம்னேன். கேட்டாளா?"

"கடா நேந்துவிட்டது" என்றார் மதலம்மா, அகப்பையை நிறுத்தாமல்.

"தலைக் கிறிஸ்துமஸுக்கு வராத மாப்பிள்ளை எப்பத்தான் வருவான்? நேத்துப் பூசைக்கு இவ ஒத்தையில நிக்கிறா, ஊரே திரும்பிப் பாக்குது."

விஷயம் இதுதான். மாப்பிள்ளை வத்தலக்குண்டில் சைக்கிள் கடை வைத்திருந்தார். தலைப் பண்டிகைக்குக் கைக்கடிகாரம் போடுவது அப்போது பரவிக்கொண்டிருந்த நாகரிகம். கூட்டாளிகள் எல்லோர் மணிக்கட்டிலும் ஏறிவிட்டது. கடிகாரம் தயார் என்றால்தான் மகனை அனுப்புவேன் என்று அவருடைய தாய் ஆள் மூலம் சொல்லியனுப்பிவிட்டார். முன்னதாகவே தாய்வீட்டுக்கு வந்துவிட்ட ரோசாலியை மாப்பிள்ளை வந்துதான் அழைத்துப் போக வேண்டும். பெண்வீட்டார் தாமாகக் கொண்டுபோய் விட்டால் அது வேறு கதையாகிவிடும். அன்று பொழுது சாய்வதற்குள் அவர் வராவிட்டால் ரோசாலி இங்கேயே தங்க வேண்டியதுதான். எத்தனை நாளுக்கு என்று யாருக்கும் தெரியாது.

"முன்னப்பின்ன தெரியாதவனுக்கு வேட்டி எடுத்து வைப்பா. வீட்டு மாப்பிள்ளைக்கு ஒண்ணுமில்ல" என்றார் அருளப்பன்.

மதலம்மா அகப்பையை நிறுத்தினார். "ஒண்ணுமில்லன்னு யாரு சொன்னா? சோறு இருக்கு, கறி இருக்கு, வேட்டி எடுத்திருக்கு. கடியாரம் ஒண்ணுதான் இல்ல. இன்னைக்கிக் கடியாரத்தைக் கட்டிவிட்டா, பொங்கலுக்கு ரேடியோ கேப்பாக. நாம கடைகடையா ஏறிக்கிட்டே இருக்கணும், இவ வாழப் போறாளா?"

ரோசாலி தலை நிமிரவில்லை. "அப்பா, ஆள் தேடிட்டு வாங்க. அந்தப் பிள்ளை பசியில உக்காந்திருக்கு" என்றாள்.

அருளப்பன் என்னைப் பார்த்தார். "நீ போ அப்பு. பஸ் ஸ்டாண்டுல போக்கிடம் இல்லாம எவனாவது நிப்பான். கூட்டிட்டு வா. பேரைக் கீரைக் கேட்டுத் தொலைக்காத."

போக்கிடம் இல்லாதவன்

அந்த வீட்டில் இலை கிடைக்காதவன், இன்னொருவனுக்கு இலை இருக்கிறது என்று சொல்லக் கிளம்பினேன். எத்தனையோ வேலை பார்த்திருக்கிறேன், இது மாதிரி வேலை அதற்கு முன்னும் பின்னும் கிடைக்கவில்லை.

பஸ் ஸ்டாண்டில் போக்கிடம் இல்லாதவர்களை எனக்குச் சட்டென்று தெரியும். பஸ் வரும்போது நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். அப்படி ஒருவன் வேப்ப மரத்தடியில் நின்றான். என்னைவிடக் கொஞ்சம் பெரியவன். சட்டை வெள்ளை, கால் முழங்கால் வரை புழுதி. கையில் வாழை இலைப் பொட்டலம். பூ வாசனை வந்தது. விற்காத பூவோடு நிற்கும் பூக்காரன் என்று நினைத்தேன்.

"மணி என்ன இருக்கும்?" என்று என்னையே கேட்டான்.

"வெயிலைப் பாருங்கண்ணே. உச்சி சாஞ்சிருச்சு. சாப்டீங்களா?"

"இல்ல."

"வாங்க. ஒரு வீட்டுல சாப்பாடு போடுறாக."

"யாரு வீட்டுல?"

"யாரு எவருன்னு பேசக் கூடாதாம். நீங்களும் உங்க பேரைச் சொல்லிராதீக. நான் சொல்லித்தான் கெட்டேன்."

அவன் சிரித்தான். செம்பட்டியில் பஸ் நின்றுபோய், அங்கிருந்து ஒரு மாட்டு வண்டியிலும் பிறகு நடந்துமாக வந்தானாம். வந்தது சரிதானா என்று தெரியாமல் நின்றுகொண்டிருக்கிறானாம். எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. நானும் பாதி ஊர்களுக்கு அப்படித்தான் போய்ச் சேர்ந்தேன்.

வழியில் பேச்சுக்குப் பேச்சாக அந்த வீட்டுக் கதையை எடுத்துவிட்டேன். வெட்டிய கடா, வாங்காத கடிகாரம், வராத மாப்பிள்ளை எல்லாம் சொன்னேன். நன்றாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். அவன் கேட்டுக்கொண்டே வந்தான். மாப்பிள்ளைக்கு நான் வைத்த பட்டப்பெயர்களை இங்கே எழுத முடியாது.

கொஞ்ச தூரம் போனதும் கேட்டான்: "அந்தப் பொண்ணு அழுதுச்சா?"

"வெங்காயம் உரிச்சுக்கிட்டிருந்துச்சு. எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

தெரு திரும்பியபோது அவன் நடை தளர்ந்தது. பசி மயக்கம் என்று நினைத்து முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். நீல நட்சத்திரத்தைப் பார்த்ததும் நின்றே விட்டான்.

"இந்த வீடுதான், கூச்சப்படாதீக" என்று உள்ளே தள்ளினேன்.

கை கழுவும் வரை

வாசலில் நின்ற அருளப்பன் வாயைத் திறந்தார். "மா..."

"பேசாதீக!" என்றார் மதலம்மா.

ஒட்டன்சத்திரத்துப் பெண் எங்களை மாறி மாறிப் பார்த்தாள். அவளுடைய மகள் அப்பளத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன நடக்கிறது என்று எனக்கும் விளங்கவில்லை. கொல்லைப்பக்கம் ஒரு தட்டு கீழே விழும் சத்தம் கேட்டது.

மதலம்மா வந்தவனை ஏற இறங்கப் பார்த்தார். புழுதிக் காலைப் பார்த்தார். கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தார். பிறகு செம்பை எடுத்துப் புருஷன் கையில் கொடுத்தார்.

"வழியில போறவுக வந்திருக்காக. காலைக் கழுவிவிடுங்க."

அருளப்பன் குனிந்தார். வந்தவன் காலை இழுத்துக்கொண்டான். "வேண்டாம்... நீங்க போய்..."

"நீட்டுங்க" என்றார் அருளப்பன். அவர் குரலில் அது வரைக்கும் இருந்த கோபத்தைக் காணோம். தண்ணீர் ஊற்றி, விரலிடுக்குப் புழுதி போகத் தேய்த்து, தன் தோள் துண்டாலேயே துடைத்துவிட்டார். மதலம்மா மடித்த வேட்டியை நீட்டினார். விலை குறைந்த நாலு முழம். அவன் இரண்டு கையாலும் வாங்கினான். நகக்கண்ணில் சைக்கிள் மை கறுப்பாக இருந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. வழியெல்லாம் நான் சொன்ன பட்டப்பெயர்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

ரோசாலி சோற்றுப் பானையோடு வந்தாள். முகம் கழுவியிருந்தாள். பாலன் இலைக்குப் போட்டாள். மாதா இலைக்குப் போட்டாள். மூன்றாவது இலைக்கு முன்னால் குனிந்தபோது அகப்பை இலையில் இடித்தது. அவன் நிமிரவில்லை. அவளும் பார்க்கவில்லை. குழம்பு, வெஞ்சனம், கறி எல்லாம் வந்தன.

மூவரும் சாப்பிட்டார்கள். சின்னப் பெண் எலும்பை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

"இன்னுங் கொஞ்சம் சோறு போடட்டுமா?" என்று ரோசாலி கேட்டாள். பொதுவாகத்தான் கேட்டாள்.

"போடுங்கம்மிணி, புள்ளைக்கு" என்றாள் ஒட்டன்சத்திரத்துப் பெண்.

"எனக்கும்" என்றான் அவன்.

சாப்பிட்டு எழுந்து கை கழுவினார்கள். மதலம்மா வழக்கப்படி மாதா இலைக்காரியிடம் பெயர் கேட்டார், ஊர் கேட்டார். குழந்தையிடமும் கேட்டார். பிறகு அவன் முன்னால் வந்து நின்றார்.

"உங்க பேரு என்னங்க?"

"சவரிமுத்து."

"எந்த ஊரு?"

"வத்தலக்குண்டு."

"யாரைப் பாக்க வந்தீக?"

அவன் வாழை இலைப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தான். கனகாம்பரம், நடுவில் கொஞ்சம் மல்லிகை. பனிக்காலத்தில் மல்லிகை கிடைப்பது அரிது. பாதி வாடியிருந்தது.

"உங்க மகளைத்தான் அத்தை" என்றான்.

அருளப்பன் துண்டால் முகத்தைத் துடைத்தார். கால் துடைத்த அதே துண்டு. "ஏலே கருப்பையா, கதவுக்குப் பின்னாடி என்ன பண்ற? தெருவில ஆளுகளைக் கூப்பிடு. சோறு ஆறுது" என்றார்.

தெரு சாப்பிட்டது. கடைசியில் நாங்கள் சாப்பிட்டபோது கறி தீர்ந்து குழம்பும் எலும்பும்தான் இருந்தன. மாப்பிள்ளை இரண்டாம் முறையாக எங்களோடு உட்கார்ந்தார். என்னைப் பார்த்து, "வேற ஏதாச்சும் பேர் மிச்சம் வச்சிருக்கியா?" என்றார். மதலம்மாவிடம் இந்த வழக்கம் எப்போது தொடங்கியது என்று கேட்டேன். "செஞ்சு பழகிப்போச்சு" என்றார். அதற்கு மேல் அவரிடமிருந்து ஒன்றும் வாங்க முடியவில்லை. சாயங்கால பஸ்ஸுக்கு ரோசாலியும் மாப்பிள்ளையும் கிளம்பினார்கள். அவள் தலையில் அவர் கொண்டுவந்த பாதி வாடிய பூ இருந்தது. அவர் மணிக்கட்டு காலியாகத்தான் இருந்தது. பொழுது என்ன ஆச்சு என்று அவர் ஒரு தடவையும் கேட்கவில்லை.

மறுநாள் காலை

மறுநாள் விடிந்ததும் அருளப்பன் என்னைத் தன் வேலை இடத்துக்கு அழைத்துப் போனார். ஆள் தேவையாம். வாசலிலேயே தோலும் சுண்ணாம்பும் கலந்த வாடை முகத்தில் அடித்தது. மேஸ்திரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை.

"பேரு?"

சொன்னேன்.

"ஊரு?"

சொன்னேன்.

"அங்க எந்தத் தெரு?"

அருளப்பன் தரையைப் பார்த்தார். அதையும் சொன்னேன்.

மேஸ்திரி தலையாட்டிவிட்டுச் சுண்ணாம்புக் குழியைக் காட்டினார். அருளப்பன் ஏற்கெனவே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதில் இறங்கிக்கொண்டிருந்தார். நான் நாரால் கட்டிய செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அவர் பக்கத்தில் இறங்கினேன்.